அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு வழிகாட்டும் ஒரு சேலம் அலுவலகம்: எட்டு மாத அனுபவம்

பணம் கட்டிய அன்றைக்கே, ரசீது அச்சாகி வெளியே வருவதற்குள், வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னிடம் கைப்பேசியைக் கேட்டு, "சார், ஒரு அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க, மேனேஜர் கேட்பாரு" என்றார். எந்தச் சேவையையும் பெறாமல் நட்சத்திரம் போடுவது எனக்கு ஒப்பவில்லை. பிறகு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. சொன்னபடி இப்போது எழுதுகிறேன். ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு மாடியில் இயங்கும் அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர்களோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பிள்ளையை விளையாட்டு உதவித்தொகையில் வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு, பெயரைவிட அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

என் அக்கா மகன் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். சென்ற ஆண்டு பிளஸ் ஒன்; இப்போது பிளஸ் டூ. பள்ளியின் கால்பந்து அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்தானென்றால் அது நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் எல்லைக்குள் போய்த்தான் இறங்கும். மலையில் பனி இறங்கிய ஒரு பிற்பகலில் அவன் உதைத்த பந்து வெள்ளைக்குள் புகுந்து மறைந்துவிட, அது எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் எதிரணிப் பையன்கள் ஆறேழு பேர் அண்ணாந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அமெரிக்கக் கால்பந்தின் மீது ஆசை வந்தது கைப்பேசியில் பார்த்த துண்டுக் காணொளிகளால். நாம் ஆடும் கால்பந்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. நீள்உருண்டையான தோல் பந்து, தலைக்கவசம், தோள்கவசம், 100 கெஜ நீள மைதானம், பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம். ஒரு பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், "மாமா, இதுக்குக் காலேஜே காசு குடுத்துப் படிக்க வைக்கிறாங்க மாமா" என்று தொடங்கினான். அவன் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். ஆங்கிலத்தில் வரும் எந்தக் காகிதமானாலும் என்னிடம்தான் வரும். அப்படித்தான் நான் இதில் மாட்டினேன்.

முதல் ஆலோசனைக்கு 1,500 ரூபாய். அதன் பிறகு முழுச் சேவைக்கு 85,000 ரூபாய், இரண்டு தவணைகளில். கல்லூரித் தேர்வு, ஆட்டக் காணொளி தயாரிப்பு, பயிற்சிக்கான பந்து, மதிப்பெண் ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்புவது, பயிற்றுநர்களுக்குக் கடிதம் எழுதுவது, ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி ஆகியவை அதில் அடங்கும் என்றார்கள். முதல் தவணையாக 45,000 ரூபாய் கட்டினோம். ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. சனிக்கிழமைதோறும் இணையவழியில் வகுப்பு எடுத்த ஆசிரியை பொறுமைசாலி. பையனின் எழுத்து உண்மையாகவே தெளிந்திருக்கிறது. மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தின் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று இருந்தது. கையேட்டின் அட்டையிலும் அதுவே. 9 எண் சட்டையணிந்து கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ பர்ரோ. அதன் கீழே, ஒரே பருவத்தில் 60 டச்டவுன், நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது, அடுத்த நான்கு மாதத்தில் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதலிடம் என்று மூன்று வரிகள். உங்கள் பிள்ளையும் இப்படி ஆகலாம் என்பது நான்காவது வரி. டச்டவுன் என்றால் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது. முதல் மூன்று வரிகளிலும் பொய் இல்லை. 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய பர்ரோ 527 முறை பந்தை எறிந்து, 402 முறை தன் அணிக்காரரின் கையில் சேர்த்து, அதன் மூலம் பந்தை மொத்தம் 5,671 கெஜம் முன்னே கொண்டுபோனார். அணி ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்றது. அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்தார். 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதியில் கிளெம்சன் அணியை 42க்கு 25 என்று வீழ்த்தினார்கள். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும், ஏப்ரலில் தொழில்முறை அணியான சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் முதல் தேர்வும் உண்மைதான்.

அந்தக் கையேட்டில் இல்லாதவை அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள். ஒஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் பகுதியில் பள்ளிப் படிப்பை முடித்த பர்ரோ 2015இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டு முழுவதும் களத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் எடுத்தார். அப்படிச் செய்தால் அந்த ஆண்டு ஆட்டக் கணக்கில் சேராது, அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். அடுத்த இரண்டு ஆண்டுகளும் மாற்று வீரராக ஓரத்தில் நின்றார். 2017 பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு பயிற்சியில் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் இன்னொருவர் வரிசையில் அவரை முந்திக்கொண்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலம் முழுவதிலும் ஆட்டத்தில் அவர் எறிந்த பந்துகள் மொத்தம் 39. பிற்காலத்தில் ஒரே பருவத்தில் 527 முறை எறிந்தவர், அதற்கு முன் மூன்று ஆண்டுகளில் 39 முறைதான் எறிந்தார் என்பதை ஒரு பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓரத்து நாட்களில் அவர் செய்த உருப்படியான காரியம், மூன்றே ஆண்டுகளில் பட்டப் படிப்பை முடித்தது. பட்டம் கையில் இருந்ததால்தான் 2018இல் லூசியானாவுக்கு மாறி, ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆட முடிந்தது. அங்கேயும் முதல் பருவம் சுமாராகத்தான் இருந்தது: 16 டச்டவுன், 10 வெற்றி, 3 தோல்வி. அதற்கடுத்த ஆண்டுதான் சுவரில் மாட்டிய ஆண்டு.

இதை நான் அலுவலகத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "சார், ஓரத்துல உக்காந்திருக்கிற படத்தை யாரு சார் ஒட்டுவாங்க?" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓரத்தில் காத்திருப்பவனின் கதை ஒன்றும் புதிதில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் ரஞ்சியில் அறிமுகமானது 2015 ஜனவரியில். அதன் பிறகு பந்துவீச்சு முறை குறித்த புகாரையும், காயங்களையும், பெருந்தொகைக்கு ஏலம் போன பின்னும் வாய்ப்பில்லாமல் இருந்த காலத்தையும் கடந்து, இந்தியச் சட்டையை அவர் அணிந்தது 2020 டிசம்பரில். சேலத்துக்காரர் முன்னால் பாதிக் கதையைச் சொன்னால் மீதியைத் தேடத்தான் செய்வார்.

எண்ணிக்கைகளையும் அவர்கள் சொல்லவில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இந்த ஆட்டத்தை ஆடும் மாணவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். அவர்களில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் அணிகளில் இடம் பெறுவோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேர். கல்லூரியில் ஆடி, தொழில்முறைத் தேர்வுக்குத் தகுதி பெறுவோரில் அந்த அணிகளுக்குள் நுழைகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை, 1.6 என்பது அந்தச் சங்கமே வெளியிட்டுள்ள மதிப்பீடு. பிறந்ததிலிருந்து அந்தப் பந்தோடு வளர்ந்தவர்களின் கணக்கு இது. பர்ரோவின் தந்தையே கல்லூரி அணிகளுக்குப் பயிற்றுநராக இருந்தவர். மகனின் கடைசிப் பருவத்தை நேரில் பார்ப்பதற்காக வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவருக்கே நான்கு ஆண்டு பிடித்தது. சேர்வராயன் மலையிலிருந்து பந்தை எறியப் போகிறவனுக்கு என்ன ஆகும் என்று அலுவலகத்தில் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி அவர்கள் சொன்னதிலும் அரைகுறை இருந்தது. பர்ரோ ஆடிய காலத்தில் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க விதி இடம் கொடுக்கவில்லை. 2021 ஜூலை 1 முதல் அது அனுமதிக்கப்பட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி கல்லூரிகளே தம் வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. 2025-26 கல்வியாண்டுக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு 2 கோடி டாலரைத் தாண்டும். "ஃபர்ஸ்ட் இயர்லயே ஆட் வருமானம் வரும் சார்" என்று கவுன்சிலர் சொன்னது இதை வைத்துத்தான். வெளிநாட்டு மாணவன் எஃப்-1 விசாவில் போகிறவன், அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு, ஆகவே உள்ளூர்ப் பையனுக்குக் கிடைக்கும் விளம்பரப் பணம் நம் பையனுக்கும் அப்படியே கிடைத்துவிடாது என்பதை நான் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். கேட்காமல் விட்டிருந்தால் அக்கா வீட்டில் அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்கியிருப்பார்கள்.

கல்லூரிப் பட்டியல் வந்தது இரண்டாவது மாதத்தில். ஆறு கல்லூரிகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் பச்சை மையில் 'உதவித்தொகை உறுதி' என்று எழுதியிருந்தது. என்.சி.ஏ.ஏ.வில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவே கால்பந்தில் இரண்டாகப் பிரியும். முதல் பிரிவின் மேல்தட்டில் ஓர் அணிக்கு 85 முழு உதவித்தொகை என்பது நெடுங்காலம் இருந்த வரம்பு; 2025 சமரசத்துக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அணியில் இருப்போரின் எண்ணிக்கைக்கு 105 என்ற வரம்பு வந்திருக்கிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதே இல்லை. படிப்புக்காகவும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தும்தான் கொடுக்கும். பட்டியலில் இருந்த ஆறில் இரண்டு மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. ஒரு கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும் விஷயம் இது. இதற்கும் சேர்த்துத்தான் 85,000.

பயிற்சிக்கென்று கொடுத்த பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி ஆட்டத்துக்கான பந்து ஏறத்தாழ 11 அங்குல நீளம் இருக்கும். எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது 400 முதல் 425 கிராம் வரை. எங்களுக்குக் கொடுத்தது ரப்பர் பந்து, சிறுவர்களுக்கான அளவு. அக்கா வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தபோது 290 கிராம் காட்டியது. அதை உதைத்துப் பழகிய பையன், பிறகு நான் இணையத்தில் வரவழைத்துக் கொடுத்த சரியான பந்தை உதைத்தபோது முதல் பத்து உதைகளும் பக்கவாட்டில் போய் விழுந்தன.

இனி காணொளி. இந்தச் சேவையில் மிக முக்கியமான பகுதி அதுதான். ஏழு கடல் தாண்டி இருக்கும் பயிற்றுநருக்கு இந்தப் பையனைப் பற்றித் தெரியப்போவதெல்லாம் அந்த மூன்று நிமிடத்தில்தான். அலுவலகம் அனுப்பிய ஒளிப்பதிவாளர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். நல்ல மனிதர். விடியற்காலையில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, தலைசுற்றலோடு மைதானத்துக்கு வந்து சேர்ந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வேலை பார்த்தார். ஆனால் அவர் கேமரா பழக்கத்தால் முகத்தையே தேடியது. பையன் பந்தை உதைக்கிறான். பந்து மேலே போகிறது. கேமரா பந்தோடு போகாமல், பையனின் முகத்தில் போய் நிற்கிறது. தொகுத்து அனுப்பிய படத்தில் அவன் நடந்து வருவது, திரும்பிப் பார்ப்பது, தலைமுடியைக் கோதுவது எல்லாம் ஸ்லோ மோஷனில். பின்னணியில் நாதஸ்வரத்தையும் கிடாரையும் கலந்த இசை. ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் இடையில் ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இதில் ஒரு நுட்பமான கோளாறு இருக்கிறது. அதைச் சொல்ல, ஆட்டத்தின் ஒரு பகுதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மூன்று வாய்ப்புகளில் முடியவில்லையென்றால், இருக்கும் இடத்திலேயே பந்தை எதிரணியிடம் இழப்பதைவிட, நான்காவதில் அதை ஓங்கி உதைத்து அவர்களைத் தொலைவுக்குத் தள்ளிவிடுவது நல்லது. பின்னோக்கி எறியப்படும் பந்தைக் கையில் பிடித்து, கீழே விட்டு, தரையைத் தொடுவதற்குள் உதைக்கும் இந்த வேலைக்கு 'பண்ட்' என்று பெயர். அதற்கென்றே ஓர் ஆள் அணியில் உண்டு. அவன் உதைக்கும் தொலைவு மட்டும் போதாது. பந்து வானத்தில் எத்தனை நொடி நிற்கிறது என்பதும் வேண்டும். பந்து மேலே இருக்கும் நேரத்தில்தான் தன் அணிக்காரர்கள் ஓடிப்போய், அதைப் பிடிப்பவனை வளைக்க முடியும். நாற்பத்தைந்து கெஜம், நாலரை நொடி என்றால் பயிற்றுநர் நிமிர்ந்து உட்காருவார். காணொளியைப் பார்க்கும் பயிற்றுநர் கையில் நிறுத்துகடிகாரத்தோடு, கால் பட்டதிலிருந்து பந்து இறங்குவது வரை எண்ணுவார். ஸ்லோ மோஷனில் அந்த எண்ணிக்கை செத்துப்போகிறது. எங்கள் பையனின் பந்து அந்தப் படத்தில் பதினொரு நொடி வானத்தில் நின்றது.

இந்தப் பண்ட் யோசனையை எங்களுக்குக் கொடுத்தது அதே அலுவலகத்தில் இருந்த ஓர் இளைஞர் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. முன்பு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவராம். பர்ரோவைப் போலப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஆகப் போகிறேன் என்று பையன் பந்தை எறிந்து காட்டிய நாளில், மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் அருகில் வந்து, "தம்பி, கை இருக்கட்டும். நீ கோல்கீப்பர்னு சொன்னியே, ஒரு தடவை உதைச்சுக் காட்டு" என்றார். உதைத்தான். அதன் பிறகுதான் அவர் ஆஸ்திரேலியக்காரர்களைப் பற்றிச் சொன்னார். அங்கே அவர்கள் ஊர்க் கால்பந்தில் ஓடிக்கொண்டே கையிலிருந்து பந்தை விட்டு உதைக்கும் பழக்கம் சிறுவயதிலிருந்தே வருவதால், அந்தக் காலை அப்படியே அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எடுத்துப்போய் உதவித்தொகையில் படிக்கிறார்கள். கல்லூரி அளவில் சிறந்த பண்டருக்குக் கொடுக்கப்படும் ரே கை விருதை 2013இல் டாம் ஹார்ன்ஸி, 2014இலும் 2015இலும் டாம் ஹாக்கெட், 2016இல் மிட்ச் விஷ்னோவ்ஸ்கி, 2017இல் மைக்கேல் டிக்சன் என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆஸ்திரேலியர்களே வாங்கினார்கள். 2023இல் வாங்கிய டோரி டெய்லர் மெல்போர்ன்காரர். ஐயோவா பல்கலைக்கழகத்துக்காக அந்த ஒரு பருவத்தில் அவர் உதைத்த மொத்தத் தூரம் 4,479 கெஜம். கல்லூரி ஆட்டத்தில் அதுவரை யாரும் தொடாத அளவு. அவருடைய அணி பந்தை முன்னே கொண்டுபோகத் திணறிக்கொண்டே இருந்ததால்தான் அவருக்கு அத்தனை முறை உதைக்கும் வாய்ப்பு வந்தது என்பது தனிக் கதை. அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகளின் தேர்வில் சிகாகோ பேர்ஸ் அணி அவரை நான்காவது சுற்றிலேயே எடுத்துக்கொண்டது.

சேலத்துப் பையன் ஒருவனுக்கு இந்த ஆட்டத்தில் ஏதாவது கதவு இருக்கிறதென்றால் அது இந்தக் கதவுதான் என்று எனக்கும் இப்போது படுகிறது. ஆளைத் தூக்கி அடிக்கும் உடம்பு அத்தனை வேண்டாம். பத்து வயதிலிருந்தே ஆட்டத்தின் நுணுக்கங்களைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கால் மட்டும் வேண்டும். ஆனாலும் ஓர் அணிக்கு இப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோதான் தேவை. கதவு சிறியதுதான். அதைக் காட்டிக் கொடுத்த அந்த இளைஞர் மூன்றாவது மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். சம்பளத் தகராறு என்று கேள்வி. இந்த அலுவலகத்துக்கு நான் ஐந்தில் ஒன்றரை நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால், அதில் ஒன்று அவருக்கு, அரை அந்த ஆங்கில ஆசிரியைக்கு.

ஒப்பந்தத்தை நான் கடைசியில்தான் படித்தேன். அது என் தவறு. கையெழுத்திட்டது அக்கா வீட்டுக்காரர்; நகலை என்னிடம் கொடுத்து நாலு மாதம் ஆகியும் மேசை அறைக்குள் கிடந்தது. இரண்டாம் தவணையைக் கேட்டுத் தொலைபேசி வந்த அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கத்தில் ஆறாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், மாணவனுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைக்கும் பட்சத்தில் முதலாண்டுத் தொகையில் பத்து விழுக்காட்டை அலுவலகத்துக்குச் செலுத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கல்யாணத் தரகருக்கு, நிலத் தரகருக்குக் கொடுப்பதுபோலத்தானே என்று அக்கா வீட்டுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியதால் என்.சி.ஏ.ஏ.வின் விதிகளைத் தேடிப் படித்தேன். மாணவனைக் கல்லூரியில் சேர்த்து விளையாட்டு உதவித்தொகை பெற்றுத் தருவதற்காக, அந்தத் தொகை கிடைப்பதைப் பொறுத்துக் கட்டணம் வாங்குகிறவர் அங்கே முகவராகக் கருதப்படுவார். அப்படி முகவர் வைத்துக்கொண்ட மாணவனின் ஆடும் தகுதியே பறிபோகலாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே கட்டணம் என்று வாங்கும் ஆலோசனைச் சேவைகளுக்குத் தடையில்லை. ஆக, 85,000 ரூபாயில் குற்றம் இல்லை. ஆறாம் பக்கத்தின் அடியில் இருந்த பத்து விழுக்காட்டில்தான் பையனின் எதிர்காலம் சிக்கியிருந்தது.

மறுநாள் காலை விடுப்பு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் முதலில் அது வழக்கமான விதி என்றார். நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த பக்கத்தை மேசை மேல் வைத்ததும் படித்தார், மறுபடியும் படித்தார். "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். அவர் குரலில் ஏமாற்று இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது என்பதே எனக்குக் கலக்கமாக இருந்தது. விதியை அடித்துக் கையெழுத்திட்டுத் தர ஒத்துக்கொண்டார். நாங்கள் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டோம்.

மதிப்பெண் ஆவணங்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்த வழியில் போகிறவர்கள் அனைவருக்கும் இது பயன்படும். அவர்கள் எங்களிடம் வாங்கியது பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும் மட்டும். முதல் பிரிவில் ஆட வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண்ணும் வேண்டும்; ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்றவற்றில் 16 அடிப்படைப் பாடங்களும், அவற்றில் அமெரிக்கக் கணக்கின்படி குறைந்தது 2.3 சராசரியும் தேவை. இதைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் மாணவனே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்; பயிற்றுநர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் பெரும்பாலான கல்லூரித் தளங்களிலேயே இருக்கின்றன. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? பையன் அப்போது படித்தது அம்மாப்பேட்டையில் ஒரு பள்ளி. அதன் தலைமையாசிரியர் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி, இரண்டு நாள் கழித்து முத்திரையோடு எழுதிக் கொடுத்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

காணொளியை நாங்களே மறுபடி எடுத்தோம். மைதானத்தில் பத்து கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு, நடுவில் முக்காலியில் நிறுத்திய கைப்பேசி, வெட்டில்லாமல் சாதாரண வேகத்தில் இருபது உதைகள். ஏற்காட்டில் பனி விலகக் காத்திருந்ததில் பாதி நாள் போய்விட்டது. மிக நல்ல உதை 47 கெஜம், 4.1 நொடி, சராசரி 39 கெஜம், 3.7 நொடி. அதையும் மறைக்காமல் எழுதி, பதினான்கு பயிற்றுநர்களுக்குப் பையனே அனுப்பினான். ஒருவரிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி: பிளஸ் டூ முடிந்ததும் மதிப்பெண்ணை அனுப்பு, அதற்குள் அந்த 3.7ஐ ஏற்று.

முதல் தவணையில் 20,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். மீதி செய்து முடித்த வேலைகளுக்கான கூலி என்று கணக்குச் சொன்னார்கள். மூலச் சான்றிதழ்கள் அத்தனையும் கசங்காமல் திரும்பி வந்தன, அதில் குறையில்லை. கல்யாணக் காணொளி இருந்த பென்டிரைவுக்குத் தனியாக 400 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது இப்போது அக்காவின் மாமியார் வசம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தொலைக்காட்சியில் செருகிப் போட்டுக் காட்டுகிறார். இதுவரை இரண்டு பேர், பெண் எந்த ஊர் என்று கேட்டுவிட்டார்கள்.